அந்தப் பக்கம் என்ன, மிஸ்?

போன சனிக்கிழமை வகுப்புக்குப் போகும்போது பையில் பாடக் குறிப்புகளோடு ஒரு கிலோ தொதலும் (அல்வா மாதிரி இழுபடும் தேங்காய்ப்பால் இனிப்பு) ஒரு பக்கெட் கிரீம் கிரேக்கரும் இருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துவிட்டார்கள்.

எல்லாம் இரண்டு கிழமைக்கு முன்பு வந்த ஒரு கேள்வியால் வந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டு மேல்மாடியில் உயர்தரப் புவியியல் டியூஷன் எடுக்கிறேன். யன்னலைத் திறந்தால் மரைன் டிரைவ், அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் போகும்போது பாடத்தை நிறுத்தவேண்டும். அதைப் பற்றி இதுவரை யாரும் முறைப்பட்டதில்லை. அப்படி ஒரு ரயில் போய் முடிந்த அமைதியில் கடைசி வாங்கில் இருக்கிற தம்பி கேட்டான்: "மிஸ், இங்கயிருந்து நேரே போனா அந்தப் பக்கம் என்ன?"

"மாலைதீவு" என்றாள் ஒருத்தி. "சோமாலியா" என்றான் இன்னொருவன். இரண்டும் சரிதான். அட்லஸில் அடிமட்டத்தை வைத்து மேற்கே ஒரு கோடு இழுத்தால் மாலைதீவின் வடக்கு நுனியை உரசிக்கொண்டு போய் சோமாலியாவில் கரையேறலாம். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரிக் கேட்டது. நம் கரையை ஒட்டி ஒரு காலத்தில் எந்த நிலம் இருந்தது? இது எதிலிருந்து கிழிந்த ஓரம்? அதற்குச் சோமாலியா பதில் இல்லை.

"அடுத்த கிழமை சொல்றேன்" என்று தப்பித்தேன். அடுத்த கிழமை சனிக்கிழமையில் போயா விடுமுறை விழுந்தது. யோசிக்க இன்னும் ஏழு நாள் கிடைத்தது.

கண்டம் பிளப்பதற்கு வழக்கமாக நான்கு பெட்டிகளில் ஒரு படம் வரைவோம். முதல் பெட்டியில் முழுக் கண்டம், கடைசிப் பெட்டியில் நடுவே சமுத்திரம், இடையில் அம்புக்குறிகள். பார்த்தால் யாரோ கத்தியால் வெட்டி இரண்டு பக்கமும் தள்ளி வைத்ததுபோல் இருக்கும். வருடா வருடம் பிள்ளைகள் அதை வரைந்து மார்க்ஸ் வாங்குகிறார்கள். கண்டம் முதலில் இழுபடும், மெலியும், தொய்யும், அப்புறம்தான் அறும் என்பது ஒருவர் தலையிலும் ஏறுவதில்லை. 'பிளவு' என்ற சொல்லும் விறகு பிளப்பதைத்தான் நினைவூட்டுகிறது. நடப்பது விறகைவிடத் தொதலுக்குக் கிட்ட.

முதல் முயற்சி படுதோல்வி. தொதலை முதல் நாளே வாங்கி குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மேலே கிரேக்கர்களை வரிசையாக அழுத்தி வைத்து, ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேரை இழுக்கச் சொன்னேன். இழுத்தார்கள். 'டக்' என்று நடுவில் முறிந்தது. ஒரு பாதி தரையில் விழுந்தது, கிரேக்கர் எல்லாம் சிதறியது, ஐந்து நிமிடத்தில் எறும்பு. "மிஸ், கண்டம் பிரிஞ்சிட்டுது" என்று ஒருத்தி அறிவித்தாள்.

இதையும் பாடமாக்க முடியும் என்று அப்போதுதான் தோன்றியது. பழைய, குளிர்ந்த, தடித்த கண்டம் லேசில் இழுபடாது. கீழிருந்து சூடு வந்தால்தான், அல்லது முன்பே ஒரு பழைய தழும்பு இருந்தால்தான், இடம் கொடுக்கும். மிச்சத் தொதலை யன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டு அரை மணிநேரம் வேறு பாடம் நடத்தினேன். கொழும்பு வெயிலுக்கு அரை மணிநேரம் போதும். தேங்காய் எண்ணெய் கசிந்து பளபளவென்று இருந்தது.

இரண்டாம் முறை மெதுவாக இழுக்கச் சொன்னேன். "பிடுங்காதே தம்பி, ஊற விட்டு இழு." முதலில் கிரேக்கர்கள்தான் போயின. ஒவ்வொன்றாக முறிந்து, முறிந்த துண்டுகள் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தன, சரிந்து கிடக்கும் புத்தகங்கள் மாதிரி. துண்டுகளுக்கு நடுவில் பள்ளங்கள். கீழே தொதல் முறியவே இல்லை. நடுப்பகுதி மெலிந்துகொண்டே போனது, மெலிந்த இடம் தாழ்ந்தது. யாரும் ரயிலைக்கூடக் கவனிக்கவில்லை.

கண்டத்தின் மேலோடு சாதாரணமாக 35, 40 கிலோமீற்றர் தடிப்பு. மேலே 10, 15 கிலோமீற்றர் வரை பாறை குளிர்ந்து விறைத்திருக்கும். இழுத்தால் முறியும். அதுதான் கிரேக்கர். அந்த முறிவுகளைத்தான் நம் பாடத்தில் குறை என்கிறோம். கீழே போகப் போகச் சூடு கூடும், பாறை முறியாமல் மெல்ல ஓடிக்கொடுக்கும். அது தொதல். சரிந்த கிரேக்கர்களுக்கு இடையிலுள்ள பள்ளம்தான் பிளவுப் பள்ளத்தாக்கு. கிழக்கு ஆபிரிக்காவில் இன்றைக்கும் அது திறந்து கிடக்கிறது. அங்குள்ள தங்கனிக்கா ஏரி 1,470 மீற்றர் ஆழம் என்றால் கிரேக்கர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

"இதெல்லாம் கோடிக்கணக்கான வருஷம் எடுக்கும், நாங்க பார்க்க ஏலாது" என்றான் ஒருவன். பெரும்பாலும் உண்மை. ஆனால் 2005 செப்டெம்பரில் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் 60 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் திறந்தது. சில இடங்களில் 8 மீற்றர் வரை விலகல், அதுவும் சில கிழமைகளுக்குள். ஆண்டுக்கு மில்லிமீற்றர் கணக்கில் சேர்த்துச் சேர்த்து வைத்ததை பூமி ஒரே தவணையில் கட்டிவிட்டது.

அப்புறம் தொதல் அறுந்தது. நான் காத்திருந்த கட்டம் அதுதான். இரண்டு பேரும் சமமாகத்தான் இழுத்தார்கள், ஆனால் நடுவில் அறவில்லை. ஒருத்தி கையில் நீளமாக, நூலாக மெலிந்த வால் ஒன்று, அதன்மேல் சரிந்த கிரேக்கர் துண்டுகள் நாலைந்து. மற்றவன் கையில் கட்டையான, மொத்தையான துண்டு, ஓரம் செங்குத்தாக. உடனே சண்டை. "எனக்குத்தான் கூட." "உனக்கு நீளம்தான், எனக்குத்தான் பாரம்." ஒட்ட வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒட்டினால் ஒரு பக்கத்தின் மெலிவு மற்றப் பக்கத்தின் மொத்தைக்குக் கீழே போய்ச் செருகியது. அந்த இரண்டு ஓரங்களுக்கும் பெயர் இணை விளிம்புகள். ஒரே கிழிசலின் இரண்டு கரைகள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதன் வடிவத்தைச் சொல்ல முடியாது. என் அப்பா பொற்பத்தர். கழன்ற சங்கிலிக் கொக்கியில் ஒரு பாதியை மட்டும் கொண்டுவந்து 'இதுக்குப் பொருத்தமா ஒண்டு செய்து தாங்கோ' என்று கேட்கிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுவார், மற்றப் பாதியையும் கொண்டுவாருங்கள் என்று.

இப்படி நன்றாகப் படிக்கப்பட்ட இணை என்றால் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து அத்திலாந்திக் ஓரமும் கனடாவின் நியூபவுண்ட்லாந்தும். கப்பலில் போய் கடலடியைத் துளைத்துப் பார்த்தார்கள். 1985-இல் ஸ்பெயினின் கலீசியாக் கரைக்கு அப்பால் துளைத்தபோது மேலே வந்தது கண்டப் பாறையும் இல்லை, எரிமலைப் பசால்ட்டும் இல்லை. மேலோட்டுக்கும் கீழே இருக்கும் மான்டில் பாறை, கடல்நீர் ஊறிப் பச்சையாக மாறியது. எரிமலைக் குழம்பு வந்து சேருமுன் மேலோடு முழுக்க இழுபட்டுத் தீர்ந்துபோய், அடியிலிருந்ததே வெளியே தெரிந்துவிட்டது. கிரேக்கரும் முடிந்து தொதலும் முடிந்து தட்டு தெரிகிற நிலை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டிய தேவை இருக்கவில்லை. எங்கள் தட்டும் அப்படித்தான் இருந்தது.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பல இடங்களில் மான்டில் மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து உருகி, குழம்பு பொங்கி, கிழிசலின் இரு ஓரத்தையும் மூடிவிடும். பிறகு நடுவில் புதுச் சமுத்திரத் தரை உருவாகும், கிட்டத்தட்ட 7 கிலோமீற்றர் தடிப்பில். இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். சூடு ஆற ஆறத் தாழும். இந்த ஆறித் தாழ்வதை வகுப்பில் விளங்கப்படுத்த அப்பாவின் பட்டறைதான் எனக்கு உதவியது. உருக்கின தங்கத்தை அச்சில் ஊற்றி ஆறவிட்டால் நடுவில் சின்னதாக ஒரு குழி விழும், அதற்காகவே அப்பா கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார். 1978-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டான் மெக்கன்சி இதைக் கணக்காக எழுதினார்: இழுபடும்போது ஒரு தாழ்வு, அது சட்டென்று, பிறகு ஆறும்போது இன்னொரு தாழ்வு, அது மெல்ல மெல்ல, பல பத்து மில்லியன் ஆண்டுகளுக்கு. எண்ணெய்க் கம்பனிகள் இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன.

இந்த ஓரங்களுக்கு வைத்த பெயர்தான் எனக்குப் பிடிக்காது. செயலற்ற விளிம்பு. புவித்தட்டுகள் சந்திக்கும் எல்லை அங்கே இல்லை, அதனால் பூகம்பமும் எரிமலையும் குறைவு, அந்தக் கணக்கில் செயலற்றது. சரி. ஆனால் உலகத்தின் பெரிய ஆறுகள் பல வந்து சேற்றைக் கொட்டுவதும், அந்தச் சேறு கிலோமீற்றர் கணக்கில் குவிந்து அடியில் வெந்து எரிவாயு ஆவதும் அந்த ஓரங்களில்தான். வீட்டில் நாள் முழுக்க வேலை செய்கிறவளைப் பார்த்து "சும்மாதான் இருக்கிறா" என்று சொல்கிற மாதிரி ஒரு பெயர்.

செயலுள்ள விளிம்பு எப்படி இருக்கும் என்று நம் கரைக்கு ஒருநாள் தெரிந்தது. 2004 டிசம்பர் 26. அதிர்ந்தது சுமாத்திராவின் ஓரம், அலை வந்தது இங்கே. பெரலியவில் கடல் எடுத்த ரயில் எங்கள் யன்னலுக்குக் கீழே உள்ள இதே பாதையால்தான் போனது. என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. நான் அதைப் பற்றி நிறையச் சொல்வதில்லை.

இனி தம்பியின் கேள்வி. நம் ஓரம் எதிலிருந்து கிழிந்தது?

தென்கண்டங்கள் எல்லாம் ஒட்டியிருந்த கொண்ட்வானாப் பெருங்கண்டம் முழுசாக இருந்த காலத்தில் இலங்கைக்குக் கடற்கரையே கிடையாது. இந்தியாவின் தென்கிழக்கு, மடகஸ்கார், கிழக்கு அந்தாட்டிக்கா, இவற்றுக்கு நடுவில் இடுக்கில் இருந்த ஒரு துண்டு. முதலில் மேற்கே ஆபிரிக்கா விலகத் தொடங்கியது. பிறகு சுமார் 130 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்கா பிரியத் தொடங்கியது. பிறகு, சுமார் 88 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், மடகஸ்கார். ஆகவே தெற்கிலும் கிழக்கிலும் உள்ள நம் கரைக்கு எதிர்க்கரை அந்தாட்டிக்காவில் இருக்கிறது, லுட்சோ-ஹோம் விரிகுடாப் பக்கம், பனிக்கு அடியில். 1957-இலிருந்து ஜப்பானின் ஷோவா நிலையம் அங்கே இருக்கிறது. அந்தப் பாறைகளையும் நம் மலைநாட்டுப் பாறைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை என்கிறார்கள். துண்டைத் துல்லியமாக எந்த இடத்தில் பொருத்துவது என்பதில் மட்டும் இன்னும் வாதம் ஓயவில்லை.

காலியில் நின்று தெற்கே பார்த்தால் எதிர்க்கரை பனிக்கட்டி என்றதும் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம், "மிஸ், அப்ப எங்கட பக்கம் மொத்தையா, மெலிவா?" நல்ல கேள்வி. நம் கண்ட மேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, ஒடுக்கம், சராசரியாக 20 கிலோமீற்றர்தான். அதைத் தாண்டினால் கடல் சடாரென்று ஆழமாகிறது. மிரிஸ்ஸவில் காலையில் படகேறி மத்தியானச் சாப்பாட்டுக்குள் நீலத்திமிங்கிலம் பார்த்துவிட்டு வரமுடிவது அதனால்தான். தொதலில் கட்டைப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கறாராகப் பார்த்தால் இது எளிமைப்படுத்தல்தான்.

வெள்ளவத்தைக்கு முன்னால் உள்ள கடல் இன்னும் சுவாரஸ்யம். இந்தியாவுக்கும் நமக்கும் நடுவில் மன்னார் பக்கமாகவும் ஒரு பிளவு திறந்தது. இழுபட்டது, மெலிந்தது, தாழ்ந்தது, பிறகு அறாமல் நின்றுவிட்டது. அறுந்திருந்தால் நமக்கும் இந்தியாவுக்கும் நடுவே அசல் சமுத்திரம் இருந்திருக்கும், தலைமன்னாரிலிருந்து நீந்திப் போக ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். பாதியில் நின்ற அந்தத் தொட்டிதான் மன்னார்ப் படுகை. 2011-இல் கெய்ர்ன் நிறுவனம் ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழமான கடலில் துளைத்து இரண்டு இடங்களில் எரிவாயு கண்டது, பத்திரிகையில் எல்லாம் தலைப்புச் செய்தி. இன்னும் வீட்டுக்கு வந்தபாடில்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற 2022-இல் அடிக்கடி எனக்கு அந்தத் தொட்டியின் ஞாபகம் வரும்.

அதே காலத்துச் சின்னத் தொட்டிகள் கரையிலும் உண்டு. புத்தளத்துக்குக் கிட்ட தப்போவையில் ஜுராசிக் காலத்து மணற்கல்லும் களிக்கல்லும் ஒரு குறையால் கீழே இறக்கப்பட்டு அப்படியே தப்பிப் பிழைத்திருக்கின்றன. பேராதனையில் படிக்கும்போது அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் இரவிரவாகப் பாட்டு, காலையில் கையில் இலைப் பதிவு உள்ள ஒரு கல். பன்னம் மாதிரி ஏதோ செடி. கண்டம் கிழிவதற்கு முன் அந்தப் பள்ளத்தின் கரையில் முளைத்த செடி. அதைப் பையில் போட்டுக்கொள்ள மனம் வந்தது, விரிவுரையாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழக்குப் பக்கத்தில் வேறு விதமான சொத்து இருக்கிறது, சேறு. இமயமலையை அரித்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவருகிற மண் வங்காள விரிகுடா முழுக்கப் பரவி, நம் தீவைத் தாண்டித் தெற்கே போகிறது. கடற்சட்டத்தில் ஒரு நாட்டின் கண்ட மேடை எங்கே முடிகிறது என்பதற்கு அந்தச் சேற்றின் தடிப்பும் ஓர் அளவுகோல். பொது விதி நமக்குச் சரிவரவில்லை. மேடை ஒடுக்கம், சேறோ தூரம் வரை தடிப்பம். அதனால் வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்கென்றே ஒரு தனி இணக்கக் குறிப்பு சேர்த்தார்கள்: சேறு 1 கிலோமீற்றருக்குக் குறையாத இடம் வரை கணக்கெடுக்கலாம். அந்தக் கடற்சட்டத்தை எழுதிய ஐ.நா. மாநாட்டுக்கு 1980-இல் இறக்கும் வரை தலைவராக இருந்தவர் நம் நாட்டு ஷேர்லி அமரசிங்க. அந்தக் குறிப்பை வைத்து இலங்கை 2009 மே மாதம் ஐ.நா.வில் தன் கோரிக்கையைக் கொடுத்தது. சேற்றுக்கும் ஒரு வக்கீல் தேவைப்படுகிறது.

வகுப்பு இத்தோடு முடிந்தது. மிச்சத் தொதலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு, அப்பாவிடம் போனேன். அப்பாவுக்கு 74 வயது. செட்டியார் தெருவில் நாற்பது வருடம் கல் பதித்தவர். இப்போது கண்ணில் கண்புரை. ஆனாலும் மேசை லாச்சியில் சாவணமும் பத்து மடங்கு லென்ஸும் வைத்த இடத்தில் இருக்கின்றன.

அந்த லாச்சியில் ஒரு மடித்த தாளும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன், தொதல் இடையில் புகுந்துவிட்டது.

1998-இல் மடகஸ்காரின் தென்மேற்கில் இலகாகா என்ற இடத்தில் நீலக்கல் கண்டெடுத்தார்கள். ஒன்றுமில்லாத ஊர், ஓரிரு வருடத்தில் சந்தைப்பட்டணம் ஆகிவிட்டது. தாய்லாந்துக்காரர்களும் நம்மவர்களும் கல் வாங்கப் போனார்கள். அப்பாவுக்குக் கல் கொண்டுவந்து தரும் பேருவளை நானாவும் 1999-இல் போனார். திரும்பி வரும்போது சட்டைப் பையில் தாள் மடிப்புகள். எனக்கு அப்போது 15 வயது, தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு நகராமல் நின்றேன். அப்பா ஒரு கல்லை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லென்ஸில் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார்.

"நானா, இது எங்கட இரத்தினபுரிக் கல்லு. என்னட்ட ஏன் கதை விடுறீங்க?"

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். "அல்லாவே, நான் ரோட்டோரத்தில மேசை போட்டு வாங்கின கல்லு."

சிரிப்போடு முடியவில்லை. அதில் ஒரு கல்லை அப்பா ஒரு கடைக்காக மோதிரத்தில் பதித்தார். கடைக்காரர் அதை இலங்கைக் கல் என்று சொல்லி விற்றார். வாங்கியவர் வெளிநாட்டில் பரிசோதனைக்குக் கொடுத்தபோது சான்றிதழில் மடகஸ்கார் என்று வந்தது. பழி வந்து விழுந்தது கல் பதித்தவர் தலையில், கல்லை மாற்றிவிட்டாராம். கூலியும் தரவில்லை. நாற்பது வருடத் தொழிலில் அப்பா குரலை உயர்த்தி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நானா தன் பங்குக்கு ஒரு கல்லை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். அதுதான் லாச்சியில் இருப்பது. பக்கத்தில் இரத்தினபுரிக் கல் ஒன்று, ஏறக்குறைய அதே அளவு, அதே வெளிர்நீலம்.

அப்பா ஏமாந்தது கண் குறையால் இல்லை. சுமார் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கொண்ட்வானா ஒட்டிச் சேர்ந்த நேரத்தில், இமயமலை மாதிரி ஒரு மலைத்தொடர் அங்கே எழுந்தது. அதன் அடியில் நம் மலைநாட்டுப் பாறையும் தென்மடகஸ்கார்ப் பாறையும் சேர்ந்தே வெந்தன. நம் பாறை சில இடங்களில் 900 பாகை செல்சியஸுக்கு மேல் கண்டிருக்கிறது. கற்கள் உண்டானது அந்தச் சூட்டில். கிழிசல் வந்தது வெகுகாலத்துக்குப் பிறகு. ஒரே பானைச் சோற்றை இரண்டு வீட்டுக்குப் பங்கு போட்ட மாதிரி. இரத்தினபுரியில் ஆறு அரித்துக் கொண்டுவந்த சரளைப் படையில் கல் கிடக்கிறது. தோண்டுகிறவர்கள் அதை 'இல்லம்' என்பார்கள். சிங்களச் சொல்தான், ஆனால் என் காதுக்கு எப்போதும் வீடு என்றே கேட்கும். இலகாகாவில் கற்கள் ஈசாலோ மணற்கல் வழியாக வந்தவை. ஆபிரிக்காவை விட்டு மடகஸ்கார் இழுபட்டபோது திறந்த தொட்டிக்குள் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. அதாவது அந்தக் கற்கள் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கில் விழுந்து படுத்திருந்து, திரும்ப எழும்பி வந்தவை.

பரிசோதனைக் கூடங்கள் பிரித்துச் சொல்வது உள்ளே இருப்பதை வைத்து. நம் கல்லில் பெரும்பாலும் நீண்ட பட்டு நூல் மாதிரி ஊசிகள். இலகாகாக் கல்லில் அடிக்கடி சின்னச் சின்ன சிர்க்கோன் மணிகள். அப்புறம் இரும்பு, காலியம் எவ்வளவு என்ற அளவு. அப்படியும் சில கற்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியாமல் போவதுண்டு.

இதைக் கண்டுபிடித்துச் சொல்லத் தமிழர் ஒருவர் வந்திருக்கலாமே என்று அப்பா ஒருமுறை குறைப்பட்டார். வந்தார். கலை பற்றி எழுதியவர் என்றே எல்லாரும் நினைக்கும் ஆனந்த குமாரசுவாமி முதலில் பாறைகளைப் படித்த புவிச்சரிதவியலாளர், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதல் பணிப்பாளர். தோரியனைட் என்ற கனிப்பொருள் இந்தத் தீவின் சரளையிலிருந்து உலகுக்குத் தெரியவந்தது அவரால். கிரீன் பாத்துக்கு அவர் பெயர் வைத்தாகிவிட்டது, ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் கிரீன் பாத் என்றால்தான் விளங்கும்.

அப்பா வேறு கட்சி. குமரிக்கண்டக் கட்சி. பஃறுளி ஆறும் குமரிக்கோடும் கடலுக்குள் போன கதையில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். லெமூரியா என்ற பெயரே 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் மடகஸ்காரின் லெமூர்களுக்கு வழி தேடி வைத்தது என்று நான் பலமுறை சொல்லியாகிவிட்டது. கண்டப் பாறை லேசானது, மிதக்கும், முழுக் கண்டம் கல்லுப்போல் அமிழாது என்றும் சொல்லியாகிவிட்டது. அன்றைக்குத் தொதலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு இடத்தில் இறங்கி வந்தேன். அமிழ்ந்த நிலம் உண்டு அப்பா, இழுபட்டு மெலிந்த ஓரம் எல்லாம் கடலுக்கு அடியில்தான் இருக்கிறது, நம் தீவைச் சுற்றியும் இருக்கிறது. ஆனால் அது தாழ்ந்தபோது தமிழும் இல்லை மனிதனும் இல்லை, டைனோசர்தான். 20,000 வருடத்துக்கு முன் கடல்மட்டம் 120 மீற்றர் இறங்கி, இராமேஸ்வரத்துக்கு நடந்து போகக்கூடியதாக இருந்தது வேறு கணக்கு.

"அப்ப உண்டு எண்டு ஒத்துக்கொள்ளுறாய்" என்றார். அவருக்கு அவ்வளவு போதும்.

மடகஸ்கார் பிரிந்த இடத்தை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார் என்று நினைவூட்டினேன். சில வருடத்துக்கு முன் கொல்லூர் மூகாம்பிகைக்குப் போனபோது, உடுப்பிப் பக்கம் மால்பேயில் படகேறி செயின்ட் மேரிஸ் தீவுக்கு என் கரைச்சலுக்காக வந்தார். கரை முழுக்க ஆறுபட்டை, ஐந்துபட்டைத் தூண்கள், கட்டுக்கட்டாக. மடகஸ்காரும் இந்தியாவும் பிரிந்த நேரத்தில் பொங்கிய குழம்பு ஆறும்போது சுருங்கி வெடித்து நின்றவை. அப்பா ஒரு தூணின் தலையைக் கைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டை தீட்டினவன் நல்ல வேலைக்காரன், மூலை ஒண்டும் சிதறேல்லை" என்றார். அதற்கு மேல் வெயில் தாங்காமல் இளநீர் தேடிப் போய்விட்டார்.

அந்தத் தூண்களுக்கு எதிர்க்கரையில்தான் நானா கல் வாங்கிய தீவு இருந்தது என்றதும் லாச்சியைத் திறக்கச் சொன்னார். தாளைப் பிரித்து இரண்டு கல்லையும் உள்ளங்கையில் வைத்தேன். எது எது என்று எனக்கே ஒரு கணம் தடுமாறியது. அப்பா லென்ஸை வாங்கவில்லை, கண்ணுக்கு இனிப் பிரயோசனமில்லை. விரலால் உருட்டினார்.

"அப்ப நான் சொன்னது சரி. ஒரே கல்லு."

"ஒரே பாறைக்கூட்டம் எண்டு சொல்லலாம்."

கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருந்தார். "எண்டா, இலங்கைக் கல்லு எண்டு பேப்பர் இருந்தா ஒரு விலை, அங்கத்தைக் கல்லு எண்டா குறைச்சல். அது ஏன்?"

சொல்ல ஒன்றும் வரவில்லை. சீனி வருத்தம் உள்ளபடியால் அவருக்குத் தொதல் கூடாது. கிரேக்கர் ஒட்டாத பக்கமாகப் பார்த்து ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்தேன்.